சரக்கு வண்டியின் சூட்டு முள்ளைக் கவனிப்போம்

தராசு முள்ளைப் பார்க்காத வியாபாரி கிடையாது. ஆனால் சரக்கேற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் சூட்டு முள்ளைப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? அதைப் பாராமல் விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது. வணிக அன்பர்கள் எவருக்கும் அந்த நஷ்டம் வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க் கடைகளுக்கு மைதா, சர்க்கரை, எண்ணெய் டின்கள் ஏற்றி அனுப்பினோம். பர்லியாறு தாண்டியதும் முள் ஏறியது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று ஓட்டுநர் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் முள் தானாக இறங்கியது. சூடு தணிந்ததென்று நினைத்து மேலும் ஓட்டினார். உண்மையில் கூலன்ட் வெளியேறிவிட்டிருந்தது. சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் இல்லாவிட்டால் குறைத்துக் காட்டக்கூடும். ஹெட் கேஸ்கெட் போயிற்று, சிலிண்டர் ஹெட்டும் வளைந்தது. பண்டிகைச் சரக்கு இரண்டு நாள் தாமதமாயிற்று.

ஓட்டுநர் மீது கோபம் வந்தது உண்மைதான். யோசித்துப் பார்த்தபோது, "சூடேறினால் நிறுத்திக்கொள்" என்று நாங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது புரிந்தது. "சீக்கிரம் போ" என்றுதான் சொல்லியிருந்தோம்.

எஞ்சின் சூடு பொதுவாக 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 110 டிகிரியிலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் மலையில் வண்டி நின்றுவிடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு, ஃபேன் பெல்ட், ஹோஸ் பைப்புகளைப் பார்க்கவும்.

2. ஊற்றிய அளவைத் தேதியுடன் குறித்து வைக்கவும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. ஆயிலில் பால் போன்ற நிறம், ஓயாத வெள்ளைப் புகை இவை கேஸ்கெட் பழுதின் அடையாளங்கள்.

3. உப்புள்ள போர்வெல் தண்ணீர் ஊற்றக்கூடாது. உள்ளே பாறை கட்டும். வண்டிக்கு உரிய கூலன்டை, வடிநீருடன் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றவும்.

4. ரேடியேட்டரின் முன்புறம் சேரும் தூசி, உமி, சாக்கு நூல் ஆகியவற்றைச் சுத்தம் செய்யவும்.

5. முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஓரம் கட்டவும். சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, திடீரென்று முள் கீழே விழுந்தாலோ எஞ்சினை உடனே நிறுத்தவும்.

6. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நன்றாக ஆறும்வரை காத்திருக்கவும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

எங்கள் வண்டியில் இப்போது மானிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "முள் ஏறினால் நிறுத்து. தாமதத்துக்கு முதலாளி பொறுப்பு." அன்பர்களும் இவ்வாறே செய்தால், ஒரு மணி நேரத் தாமதத்தோடு தப்பலாம்.