இடம்பெயர்ந்து வருவோரும் ஊரவர் கடமையும்



1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதியை யாழ்ப்பாணத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். போர் நெருங்கி வந்தது. வெளியேறும்படி அறிவித்தலும் வந்தது. யாழ்ப்பாணப் பட்டணமும் வலிகாமமும் வெறிச்சோடத் தொடங்கின. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கும், வல்லை வெளியைக் கடந்து வடமராட்சிக்கும் மக்கள் திரண்டனர். அவர்கள் தொகை நான்கு இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. மாரிகாலம் தொடங்கிய வேளை அது. வீடுகள், பாடசாலைகள், கோயில்கள், மரநிழல்கள் யாவும் நிரம்பி வழிந்தன.

அன்று கதவைத் திறந்து, உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்ட ஊரவரின் தயாளம் என்றும் போற்றத்தக்கது. ஆனால் வந்தவர்களிற் பெரும்பாலானோர் மறுநாள் திரும்பவில்லை. சிலர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குப் போயினர். ஏனையோரிற் பலர் 1996 ஏப்ரல் வரை அங்கேயே இருந்தனர். ஓர் இரவுக்கு இரக்கம் போதும். ஆறு மாதத்திற்கு ஒழுங்கும் வேண்டும். போரானாலும் புயலானாலும் 2004 டிசம்பர் 26 போன்ற கடற்கோளானாலும் இதுவே உண்மை. அந்த ஒழுங்கு யாது என்பதை இங்கு கற்போம்.

1. வருமுன் அளந்து பாருங்கள்

நிவாரணப் பணியாளர் உலகெங்கும் கைக்கொள்ளும் ஸ்பியர் அளவுகோல் என ஒன்றுண்டு. அதன்படி ஒருவருக்குத் தங்குமிடம் குறைந்தது 3.5 சதுர மீற்றர். தண்ணீர் நாளொன்றுக்கு 15 லீற்றர். மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 12 அடி நீளமும் 10 அடி அகலமுமான அறை ஏறக்குறைய 11 சதுர மீற்றர். அதில் மூவர் தங்கலாம். 60 அடிக்கு 20 அடியான பாடசாலை மண்டபத்தில் 31 பேர் தங்கலாம். அதாவது ஐவர் கொண்ட ஆறு குடும்பங்கள். "மண்டபத்தில் இருநூறு பேரை விடலாம்" என்று சொல்வோர் ஒருமுறை நாடாவைப் பிடித்து அளந்து பார்ப்பது நன்று.

உங்கள் வளவுக்குப் பத்துக் குடும்பங்கள், 50 பேர் வருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 750 லீற்றர் தண்ணீர் தேவை. நல்ல ஊற்றுள்ள கிணறு இதைத் தாங்கும். ஆனால் அவர்களுக்கு மூன்று மலசலகூடங்கள் வேண்டும். வளவில் இருப்பதோ ஒன்று; அதுவும் வீட்டாருக்கானது. நாம் முதலில் அரிசியை நினைக்கிறோம். முதலில் தட்டுப்படுவதோ மலசலகூடமே.

2. கிணற்றைக் காப்பாற்றுங்கள்

குடாநாட்டில் பெரும்பகுதி சுண்ணக்கற் பூமி. கல்லின் வெடிப்புக்கள் வழியே கழிவு நிலத்தடி நீரை விரைவில் சென்றடையும். அவசரத்தில் கிணற்றருகே வெட்டிய குழி, அடைக்கலம் கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருங்கே நோயில் தள்ளும்.

ஆகவே குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது 100 அடி, தூரம் இருக்கட்டும். வெடிப்புள்ள கற்பூமியில் இதனிலும் கூடிய தூரம் வேண்டும். குழியின் அடி, நீர்மட்டத்திலிருந்து 1.5 மீற்றர் மேலே இருக்கவேண்டும். மாரியில் நீர்மட்டம் உயருமாதலால் கோடையில் பார்த்த கணக்கு உதவாது. எந்த வளவில் எவ்விடத்தில் வெட்டலாம் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இப்பொழுதே கேட்டுக் குறித்து வையுங்கள். குளோரின் இடும் அளவையும் அவரிடமே அறிந்துகொள்ளுங்கள். கிணற்றுக்கு ஒரே வாளி. குளிப்பும் தோய்ப்பும் கிணற்றுக்கட்டுக்கு அப்பால். இவ்விரு விதிகளையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது மனத்தாங்கலாகும்.

3. பெயரால் வரவேற்றுங்கள்

1939 செப்டெம்பரில் போருக்கஞ்சி பிரித்தானியாவின் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், சில நாட்களில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். எந்த வீட்டில் எத்தனை அறை என்று முன்கூட்டியே கணக்கெடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் பல ஊர்களில் பிள்ளைகளை மண்டபத்தில் நிறுத்தி, வீட்டுக்காரர் தமக்கு விருப்பமானவர்களைத் தெரிந்தெடுத்தனர். எவராலும் தெரியப்படாமல் கடைசிவரை நின்ற பிள்ளையின் மனத்தை எண்ணிப் பாருங்கள்.

எவர் எந்த வீட்டுக்கு என்பதை ஒரு சிறு குழு அமைதியாகத் தீர்மானிக்கட்டும். ஒரு கொப்பியில் பெயர், வயது, குடும்பத்தார் தொகை, நோய், எடுக்கும் மருந்து, கர்ப்பிணி, தனித்து வந்த முதியவர் ஆகிய விபரங்களைப் பதியுங்கள். பிரதியொன்றைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். தொழிலையும் மறவாமல் எழுதுங்கள். பட்டணத்தாருக்குத் துலா மிதிக்கத் தெரியாதிருக்கலாம். ஆனால் அவர்களுள் ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர், மின் வேலை தெரிந்தவர் இருப்பர். வேலை கொடுக்கப்பட்டவர் தலைநிமிர்ந்து நிற்பார். "அகதி" என்ற சொல்லை எவர் முன்னும் உச்சரியாதீர்கள்.

4. இரண்டாம் கிழமைக்கு ஆயத்தமாகுங்கள்

முதற் கிழமையில் எல்லோரும் உறவினர். இரண்டாம் கிழமையில் விறகு குறையும், ஒரே அடுப்பில் இரு பெண்களின் பொறுமை தீரும், பிள்ளைகள் சண்டையிடுவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது மனித இயல்பு.

ஆகவே கூடிய விரைவில் வேறு அடுப்பு அமைத்துக் கொடுங்கள். கிடுகுகளை மாரிக்கு முன்னரே பின்னி அடுக்கி வையுங்கள். வாடகை வாங்குவதானால் தொகையை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தேவை கண்டு கூட்டுவது அநியாயம். பாடசாலையை நெடுநாள் தங்குமிடமாக வைத்திருந்தால் ஊர்ப்பிள்ளைகளின் கல்வி கெடும். காலையில் ஊர்ப்பிள்ளைகளுக்கும் மாலையில் வந்த பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்த அதிபருடன் பேசுங்கள். நிவாரணம் வரும்போது, அடைக்கலம் கொடுத்த ஏழைக் குடும்பத்தின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். அவர்களின் நெல்மூடையும் அல்லவா தீர்ந்திருக்கும்?

5. யார் தொடங்குவது?

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அதன் அவசர இலக்கம் 117. ஆயினும் உங்கள் கிணறுகளை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். பங்குச் சபை, மாதர் சங்கம், சனசமூக நிலையம் ஆகியன கிராம அலுவலருடன் ஒரு மாலைப்பொழுது கூடி அமர்ந்தால் இந்த வேலை தொடங்கிவிடும்.

இறுதியாக ஒன்று. 1995இல் அடைக்கலம் கொடுத்த தென்மராட்சி மக்கள், 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் தங்கள் ஊருக்கே வந்தபோது, தாமே மூட்டை முடிச்சுகளுடன் வலிகாமத்திற்கும் வடமராட்சிக்கும் ஓடினார்கள். ஐந்து வருடம் முடியுமுன்னரே வாசலில் நின்றவர் மாறிவிட்டார். இன்று நாம் அளக்கும் அறையும் குறித்து வைக்கும் குழியும், நாளை நாம் போய் நிற்கும் வாசலில் நமக்குக் கிடைக்க வேண்டியவையே.

கலந்துரையாட:

1. எங்கள் ஊரில் மாரியிலும் நல்ல நீர் தரும் கிணறுகள் எத்தனை?
2. நாளை 50 குடும்பங்கள் வந்தால் எங்கே தங்குவர்? எத்தனை மலசலகூடங்கள் குறையும்?
3. பெயர்ப்பதிவை எழுதும் பொறுப்பை ஏற்க முன்வருபவர் யார்?