கடல் வழியே கச்சா எண்ணெய் – ஒரு லிட்டருக்குக் கப்பல் கூலி எவ்வளவு?

திருவனந்தபுரத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. "அரபு நாட்டிலிருந்து கடல் கடந்து வருவதல்லவா, கப்பல் கூலியே பெரும் செலவாக இருக்கும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கேரளத்தில் உள்ள ஒரே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கொச்சியை அடுத்த அம்பலமுகளில் இருக்கிறது. 1966-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் தொடங்கிய இந்த ஆலையின் திறன் இப்போது 155 லட்சம் டன். இவ்வளவு எண்ணெயையும் சிறு கப்பல்களில் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆனால் மிகப் பெரிய டாங்கர் கப்பல் நிறைசுமையுடன் இருக்கும்போது அதன் அடிப்பகுதி 20 மீட்டருக்கு மேல் நீருக்குள் இறங்கும். கொச்சித் துறைமுகக் கால்வாயில் அத்தனை ஆழம் கிடையாது. எனவே புதுவைப்பு கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் ஒரு மிதவையை நிறுத்தினார்கள். கப்பல் அதில் கட்டிக்கொண்டு நிற்க, எண்ணெய் கடலடிக் குழாய் வழியே கரை சேர்கிறது. இந்த ஏற்பாடு 2007-இல் செயல்படத் தொடங்கியது.

பெரிய கப்பல் ஏன் மலிவு?

ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். தகட்டின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். கப்பல் பெரிதாகும் அளவுக்கு இரும்பும் எரிபொருளும் கூடுவதில்லை. மாலுமிகள் எண்ணிக்கையோ ஏறக்குறைய அதேதான். இருபத்தைந்து பேர் போதும்.

வி.எல்.சி.சி. எனப்படும் பெருங்கப்பல் சுமார் 20 லட்சம் பீப்பாய் ஏற்றும். பீப்பாய்க்கு 159 லிட்டர் வீதம் இது 3.18 லட்சம் கிலோலிட்டர். ஒரு ரயில் டாங்க் வேகன் சுமார் 70 கிலோலிட்டர் கொள்ளும். ஐம்பது வேகன் கோத்த ரயில்கள் தொண்ணூறு சேர்ந்தால்தான் அந்த ஒரு கப்பலுக்கு ஈடாகும்.

கணக்கு

கப்பலின் தின வாடகை 40,000 டாலர் என்றும், நாளுக்கு 50 டன் எரிபொருள், டன்னுக்கு 600 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்குச் செலவு 70,000 டாலர். பாரசீக வளைகுடாவிலிருந்து கொச்சிக்கு வர ஏழு நாள், காலியாகத் திரும்ப ஏழு நாள், ஏற்றி இறக்க நான்கு நாள். ஆக 18 நாள். காலி வேகன் திரும்புவதைப் போலவே, காலிக் கப்பல் திரும்பும் செலவையும் சரக்குதான் சுமக்க வேண்டும். மொத்தம் 12.6 லட்சம் டாலர். பீப்பாய்க்கு 63 சென்ட். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் லிட்டருக்கு 34 பைசா!

இதையே 7 லட்சம் பீப்பாய் ஏற்றும் கப்பலில், நாளுக்கு 46,000 டாலர் செலவில் கொண்டுவந்தால் பீப்பாய்க்கு 1.18 டாலர் ஆகிறது. ஏறத்தாழ இரு மடங்கு. கடலில் மிதவை நிறுத்தியதன் லாபம் இதுதான். துறைமுகக் கட்டணமும் காப்பீடும் தனி. அவற்றைச் சேர்த்தாலும் நாம் கொடுக்கும் நூறு ரூபாயில் கப்பலின் பங்கு மிகச் சிறிது. கச்சா எண்ணெயின் விலையும் வரிகளும்தான் பெரும்பங்கு.

கூலி ஏன் ஏறி இறங்குகிறது?

ஹர்த்தால் அன்று தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கியவருக்கு இது விளங்கும். ஆட்டோ குறைந்தால் கேட்டதுதான் கூலி. புதிய கப்பல் கட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கும் கப்பல்களுக்குத்தான் போட்டி. தூரம் கூடினாலும் கப்பல் பற்றாக்குறை வரும். 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தபோது ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பெருங்கப்பல்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கிய காரணம். 2020-இல் கொரோனாவால் எண்ணெய் விற்காமல் தேங்கியபோது, கப்பல்களையே மிதக்கும் கிடங்குகளாக அமர்த்தினார்கள். அப்போதும் வாடகை பல மடங்கு ஏறியது.

கணக்கில் வராத செலவு

இந்த 34 பைசாவில் கடற்கரையின் பங்கு இல்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, சென்னைக் கரையில் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குப் பெட்டகக் கப்பல்தான், டாங்கர் அல்ல. ஆனாலும் அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் திருவனந்தபுரம் கரையிலும் ஒதுங்கின. இப்படிப்பட்ட நாட்களில் முதலில் வருமானம் இழப்பவர் மீனவர்.

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதிய பிறகுதான் டாங்கர்களுக்கு இரட்டை அடிச்சுவர் கட்டாயமாயிற்று. அதனால் கப்பலின் விலை கூடியது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பாதுகாப்புக்காகக் கூலி பத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் லிட்டருக்கு மூன்று பைசாதான் கூடும். கரையையும் கடலை நம்பி வாழ்பவர்களையும் காக்க அந்த மூன்று பைசாவைத் தர நம்மில் யாரும் தயங்கத் தேவையில்லை.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: இதே கப்பல், இதே செலவில், வர 30 நாளும் திரும்ப 30 நாளும் ஆகும் ஒரு நாட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்தால் லிட்டருக்கு எத்தனை பைசா ஆகும்? ஏற்றி இறக்கும் நான்கு நாளை மறந்துவிடாதீர்கள்.