வீடு நமது, அடிமனை யாருடையது?

வீடு வாங்குவதென்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பைச் செலவிடும் காரியம். நமது அங்கத்தினர் பலர் சுவரையும் கூரையையும் தட்டிப் பார்த்து வாங்குகின்றனர். அவை நிற்கும் மண் யாருடையது என்று வினவ மறந்துவிடுகின்றனர். இம்மாதம் அதனையே பாடமாகக் கொள்வோம்.

சுவரும் கூரையும் மேற்கட்டடம். அதைத் தாங்கும் தரை அடிமனை. இரண்டுக்கும் உடையவர் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. குத்தகைத் தரையில் தாம் கட்டியதை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், தம் அனுபவத்தில் தரை உள்ளவரை குத்தகைதாரர் பிரித்துக்கொள்ளலாம். தரையைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவு, கூறுவது இதுவே. குத்தகை வாழைத்தோட்டத்தைத் தமதென்று எண்ணும் விவசாயி இல்லை. வீட்டு விஷயத்தில் மட்டும் நாம் ஏமாறுகிறோம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளின் அடிமனை எவருக்கு உரியது என்பதில் கோயிலுக்கும் குடியிருப்போருக்கும் இடையே நெடுங்காலமாக வழக்கிருந்து வருகிறது. வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. பத்திரப்பதிவு தடைப்பட்டு, விற்கவும் அடகு வைக்கவும் இயலாமல் குடும்பங்கள் தவித்ததே நமக்குப் பாடம்.

உறையூரில் நெசவு செய்யும் ஓர் அங்கத்தினர், மேற்கட்டடத்தை மட்டும் வாங்கிக் குழித்தறி அமைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்கியது கூரை. தறிக்குழி தோண்டியதோ பிறர் மண்ணில்! தரையைக் காலி செய்ய நேர்ந்தால், வீட்டோடு தொழிலும் பெயர்கிறது. வீட்டின்பேரில் கடன் கேட்டாலும் அடிமனைக்குப் பத்திரம் எங்கே என்றே கேட்பார்கள்.

கோயில் நிலமாயின் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிச் செய்யும் விற்பனையும், அடமானமும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் செல்லா. ‘மூன்று தலைமுறையாக இருக்கிறோம்’ என்பதனால் மட்டும் அந்நிலம் நமதாகிவிடாது. தரையை விலைக்குக் கேட்கும் உரிமையைக் குடியிருப்போருக்கு அளித்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால், சமய நிறுவனங்களின் நிலங்களுக்குப் பொருந்தாமற் போயிற்று.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் அங்கத்தினர் செய்யவேண்டியவை:

1. மூலப் பத்திரங்களை வாங்கிப் படியுங்கள். ‘அடிமனை நீங்கலாக’, ‘மேற்கட்டடம் மட்டும்’ என்னும் சொற்கள் உள்ளனவா என்று தேடுங்கள். உரிமையில் தமக்குத் தெரிந்த குறையை மறையாது கூறுவது விற்பவரின் கடமை (55ஆம் பிரிவு).

2. முப்பது ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று எடுங்கள். ஆயினும் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத குத்தகையைக் காட்டாது.

3. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த அளவை எண்ணுக்கு எதிரே எவர் பெயர் உள்ளதெனப் பாருங்கள். வீட்டு வரி ரசீது வரி கட்டியதற்கே சான்று, உரிமைக்குச் சான்றன்று.

4. அடிமனை பிறருடையதாயின், தரை வாடகை பாக்கி எவ்வளவு, குத்தகை எதுவரை, பெயர் மாற்ற இசைவு உண்டா என்பவற்றை நில உடையவரிடமே எழுத்தில் பெறுங்கள்.

5. இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். செலவுக்கு அஞ்சவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசச் சட்ட உதவி வழங்குகிறது. வருமானம் எதுவாயினும் பெண்கள் அதற்கு உரியவர்கள்.

மேற்கட்டடத்தை மட்டும் வாங்குவது குற்றமன்று. அறிந்து, அதற்குரிய விலைக்கு வாங்குதல் வேண்டும். அறியாமல் முழு விலை கொடுப்பதே நஷ்டம். பாவு ஓட்டுமுன் நூலைச் சோதிக்கும் நாம், பத்திரத்தையும் அவ்வாறே சோதிப்போமாக.