உபவாசத்துக்குப் பின் வரும் சோதனை

கேள்வி: ஜூன் மாதம் இறையியல் கல்லூரியில் சேரப்போகிறேன். அதற்காக உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கியதிலிருந்து, முன்பு இல்லாத அளவுக்குச் சோதனைகள் வருகின்றன. நான் ஊழியத்துக்குத் தகுதியற்றவனோ?

பதில்: இல்லை, தம்பி. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று, வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்ட கையோடு இயேசு வனாந்தரத்துக்குப் போகிறார். கூட்டிப்போனவர் ஆவியானவர். ஊழியம் இன்னும் தொடங்கவே இல்லை. 40 நாள் உபவாசம் முடிந்து பசியுண்டான நேரத்தில்தான் சோதனைக்காரன் வருகிறான். உபவாசம் இருந்தால் சோதனை அண்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று சோதனைகளில் ஊழியர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனை. அங்கே பிசாசே வேதத்தை எடுத்துப் பேசுகிறான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து! ஜனங்கள் கூடும் இடத்தில் ஓர் அற்புதம், ஒரே நாளில் புகழ். மேடை ஏறும் எவரையும் இது அசைத்துவிடும். ஆனால் நாம் இளைஞர்களை இச்சையைக் குறித்து மட்டுமே எச்சரிக்கிறோம். எனக்கு அது பெரிய வருத்தம். இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8-ஆம் அதிகாரங்களில் உள்ளவை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தவறிய இடங்களை நினைவூட்டும் அதிகாரங்கள் அவை.

கல்லூரி திறக்குமுன் அந்த மூன்று பதில்களையும் மனப்பாடம் செய்யுங்கள். உங்களை இழுப்பது இன்னதென்று, நம்பிக்கையான ஒரு மூத்த போதகரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிசாசு சிலகாலம் மட்டுமே விலகினான் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே அந்தப் போதகரோடு பேசுவதைப் படிப்புக் காலம் முழுவதும் தொடருங்கள்.