‘வலி ஊசி’ யாருக்கு, எப்போது?

“வலி வந்து ரொம்ப நேரமாச்சு, ஒரு ஊசி போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்ல?” பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. திருநகர், ஹார்விப்பட்டி, திருப்பரங்குன்றம் பகுதியில் உங்கள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருந்தால், வலி வருவதற்கு முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலி ஊசி என்று நாம் சொல்வது ஆக்ஸிடோசின். நம் உடலே சுரக்கும் ஹார்மோன்தான். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும், தாய்ப்பாலை வெளியே வரவைப்பதும் இதன் வேலை. 1953-ல் இதை ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-ல் நோபல் பரிசு பெற்றார்.

“மாட்டுக்குப் பால் கறக்கப் போடுற ஊசியாச்சே?” என்று சிலர் பயப்படுகிறார்கள். மருந்து அதேதான். மாடுகளுக்கு முறைகேடாகப் போடப்படுவதைத் தடுக்க, தனியார் நிறுவனங்கள் இதைத் தயாரிக்க 2018-ல் மத்திய அரசு தடை விதித்தது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்காமல் போய்விடும் என்ற வாதம் எழுந்து, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்க இதுதான் முதல் மருந்து. அதனால் குழந்தை பிறந்தவுடன் தாய்க்குப் போடப்படும் ஊசியைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குழந்தை பிறப்பதற்கு முன்பு கொடுப்பது வேறு கதை. கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகமெடுக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலிருந்து முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரைகூட ஆகலாம்; அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்கக் கூடாது. அதாவது, “மெதுவா போகுது” என்று நமக்குத் தோன்றுவது பல நேரம் இயல்பான வேகமே.

உண்மையிலேயே வலி போதாமல் பிரசவம் நின்றுபோனால், டாக்டர் பரிசோதித்து முடிவு செய்வார். அப்போதும் ஒரே ஊசியாகப் போடுவதில்லை. ட்ரிப்ஸில் கலந்து, குறைந்த அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். காரணம், வலி அளவுக்கு மீறினால் ட்ரிப்ஸை உடனே நிறுத்தலாம். மருந்தின் வேகமும் சில நிமிடங்களில் குறையத் தொடங்கும். தசையில் குத்திய ஊசியைத் திரும்ப எடுக்க முடியுமா?

பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்தால் அது அதிகம். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில்தான் குழந்தைக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போய்ச் சேருகிறது. அந்த இடைவெளி சுருங்கினால் குழந்தை மூச்சுத்திணறும், கர்ப்பப்பை கிழியும் அபாயமும் உண்டு. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் கூடுதல். அதனால் பழைய சிசேரியன் விவரத்தை மட்டும் மறைக்கவே மறைக்காதீங்க.

வீட்டிலோ, பக்கத்துத் தெரு கிளினிக்கிலோ “ஒரு ஊசி போட்டுட்டுக் கிளம்பலாம்” என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்பதை ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவாங்களோ என்று தயங்க வேண்டாம்.

ட்ரிப்ஸ் ஏற்றும்போது குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அவசரத்துக்கு ஆபரேஷன் வசதியும் தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு, அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து எல்லாம் இலவசம்.

துணைக்கு ஒரு பெண் உறவினர் உடன் இருக்கலாம். அவர் “எதுக்காக இந்த ட்ரிப்ஸ்? குழந்தை துடிப்பு எப்படி இருக்கு?” என்று நர்ஸிடம் தாராளமாகக் கேட்கலாம். வலி விடாமல் தொடர்ந்தாலோ, ரத்தம் போனாலோ உடனே கூப்பிட வேண்டியதும் அவர்தான்.

ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஒரே பையில் போட்டு வாசல் பக்கமே வைத்துவிடுங்கள்.