தம்பியின் ரத்தம் ஏன் வேண்டாம்?

2021 செப்டம்பரில், சூரத்தில் மூளைச்சாவு அடைந்த 52 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல்கள் விமானத்தில் கொல்கத்தா வந்தன. முகுந்தபூரில் அப்போது இயங்கிய மெடிக்கா மருத்துவமனையில் 46 வயது நோயாளி ஒருவர் அவற்றுக்காகக் காத்திருந்தார். கோவிட் அவருடைய நுரையீரலைச் சிதைத்திருந்தது. நூறு நாளுக்கும் மேலாக, உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரம்தான் அவரை உயிரோடு வைத்திருந்தது. கிழக்கிந்தியாவின் முதல் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை அது.

எக்மோவில் நெடுநாள் இருப்பவருக்கு ரத்தம் ஏற்றாமல் சமாளிப்பது அரிது. குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தால் ஆங்காங்கே கசிவு உண்டாகும், சிவப்பணுக்களும் சிதையும். அப்போது உயிர்காக்கும் ரத்தம், பின்னாளில் இடைஞ்சலும் தரலாம். பிறருடைய வெள்ளையணுக்களைச் சந்தித்த உடல், அவற்றின் மேலுள்ள எச்எல்ஏ புரதங்களுக்கு எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்கிறது. பிறகு அதே புரதமுள்ள நுரையீரல் கிடைத்தாலும் பொருத்துவது கடினமாகிறது. மாற்று உறுப்புக்காகக் காத்திருப்பவருக்கு, ஹீமோகுளோபின் சற்று இறங்கியதுமே ஒரு யூனிட் ஏற்றிவிடலாம் என்பது சின்ன முடிவு அல்ல.

பொருத்திய பிறகு ஆபத்து வேறு வகையில் வரும். அறுவையின்போது நுரையீரலின் நிணநீர்க் குழாய்கள் அறுபட்டுவிடுகின்றன. அதனால் தேங்கும் நீரை வடிக்கும் திறன் புதிய நுரையீரலுக்குக் குறைவு. வேகமாகவோ அதிகமாகவோ ரத்தம் ஏற்றினால் நீர் கோத்து மூச்சுத் திணறும். இன்னொன்று, தானமளித்தவரின் பிளாஸ்மாவில் உள்ள எதிர்ப்பொருள்கள் நுரையீரலைத் தாக்குவது. பெரும்பாலும் ஏற்றிய 6 மணி நேரத்துக்குள் இது தெரிந்துவிடும். பலமுறை கருவுற்ற பெண்களின் பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள்கள் கூடுதலாக இருக்கலாம் என்பதால், பிரிட்டன் 2003 முதல் ஆண்களின் பிளாஸ்மாவுக்கு முன்னுரிமை தருகிறது.

கொல்கத்தாவுக்கும் ரத்த தானத்துக்கும் நெடுங்கால உறவு. 1942-இல் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொதுச் சுகாதார நிறுவனத்தில் இங்கே ரத்த வங்கி தொடங்கியது. பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் முகாம் நடத்தும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட குரல் ஒன்று: "வெளி ஆள் ரத்தம் எதுக்கு? என் தம்பி ரத்தத்தையே ஏத்துங்க டாக்டர்!" பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மாற்று நுரையீரல் நோயாளிக்கு அது ஆபத்தான யோசனை. நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை பெருகித் தோல், கல்லீரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கும். அரிதாக வந்தாலும், வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. உறவினர் ரத்தத்தைத் தவிர்க்கவே முடியாதென்றால், அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகுதான் ஏற்ற வேண்டும். ஈடாகத் தம்பி ரத்தம் கொடுக்கட்டும், தாராளமாக. அது வேறு யாருக்காவது போகட்டும்.

வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். இந்த யூனிட் இப்போதே தேவையா? வெள்ளையணுக்களை வடிகட்டி நீக்கிய ரத்தமா? சைட்டோமெகலோ வைரஸ் பரவும் வாய்ப்பையும் எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பையும் இந்த வடிகட்டல் குறைக்கிறது. உறுப்பு தந்தவரின் ரத்தப் பிரிவு என்ன? ஓ பிரிவுக்காரரின் நுரையீரல் ஏ பிரிவுக்காரருக்குப் பொருத்தப்பட்டால், அதனுடன் வந்த வெள்ளையணுக்கள் சில வாரங்களுக்குள் நோயாளியின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கலாம். அந்த நிலையில் ஏற்ற வேண்டியது ஓ பிரிவுச் சிவப்பணுக்களை. ஏற்றும்போதும் முடிந்த பிறகும் மூச்சு வாங்கினாலோ குளிர்நடுக்கம் கண்டாலோ அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காமல் நர்ஸை அழைக்க வேண்டும்.

மழைக்காலம் முடியும் நேரம் கொல்கத்தாவில் டெங்கு உச்சத்தில் இருக்கும். மாற்று நுரையீரல் உள்ளவர் காய்ச்சலோடு பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்ந்தால், பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியதைக் கண்டதும் அதன் பையைத் தொங்கவிடத் தோன்றும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை 10,000-க்கு மேல் இருக்கும்வரை பொதுவாக அது தேவைப்படுவதில்லை. பையைத் தொங்கவிடும் முன் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணையும், ரத்தப் பிரிவு, எதிர்ப்பொருள் பரிசோதனை முடிவுகளையும் நோயாளியின் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.