பண்பாட்டு ஆய்வும் பல்கலைக்கழகமும்: பர்மிங்காம் அனுபவம்

பள்ளியிலிருந்து இடையில் நின்றுவிடும் மாணவர் எத்தனை பேர் என்பதை வருகைப் பதிவேடு காட்டும். அவர்கள் ஏன் நிற்கின்றனர் என்பதை அது காட்டாது. பொருளியலார் குடும்ப வருவாயை வினவுவர். கல்வியியலார் பாடத்திட்டத்தை ஆராய்வர். ஒவ்வொரு விடையிலும் உண்மை உண்டு. ஆயினும் பள்ளியைப் பற்றி அம்மாணவனே என்ன நினைக்கிறான், அந்நினைவு எங்கிருந்து அவனுக்கு வந்தது என்ற வினா எந்த ஒரு துறையின் எல்லைக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. இத்தகைய வினாக்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தில் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்ட முதல் முயற்சிகளுள் முக்கியமானது இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-ல் தொடங்கப்பெற்ற சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையமாகும்.

இம்மையத்தை நிறுவிய ரிச்சர்ட் ஹோகார்ட் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். லீட்ஸ் நகரின் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். முதியோர் கல்வி வகுப்புகளில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியவர். தொழிலாளர் வாழ்க்கையையும், அவர்கள் படித்த வார இதழ்களையும், பாடிய பாட்டுகளையும் ஆராய்ந்து 1957-ல் அவர் வெளியிட்ட நூல் பெரும் கவனத்தைப் பெற்றது. காவியத்தைப் படிக்கும் அதே கருத்தூன்றலோடு மலிவு விலை இதழையும் படிக்க வேண்டும் என்பதே அவரது அணுகுமுறை. மையம் தொடங்கப் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் நிதி உதவினார். இத்துறைக்கு முதல் ஊக்கம் ஒரு புத்தக வணிகரிடமிருந்து கிடைத்தது என்பது மானியக் குழுக்கள் சிந்திக்கத்தக்க செய்தி.

ஆய்வு நடந்த முறை

ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால், ஹோகார்ட்டுக்குப் பின் மையத்தின் பொறுப்பை ஏற்று 1979 வரை அதை நடத்தினார். நிலையான ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆகவே முதுநிலை மாணவர்களே குழுக்களாகப் பிரிந்து செய்தித்துறை, தொழிலாளர் வாழ்வு, பெண்கள் நிலை எனப் பொருள்களை எடுத்துக்கொண்டு கூட்டாக ஆய்ந்தனர். படிகளெடுக்கப்பட்ட ஆய்வுரைகள் முற்றுப்பெறுமுன்னரே பிறர் பார்வைக்குச் சென்றன. செலவு குறைவு, விளைவோ அதிகம்.

இம்முறையின் பயனை 1978-ல் ஐவர் சேர்ந்து எழுதிய ஒரு நூலில் காணலாம். 1972 நவம்பரில் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவர் தாக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மூன்று சிறுவர்களுள் ஒருவருக்கு 20 ஆண்டும் மற்ற இருவருக்கும் பத்துப்பத்து ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை ஏன் இவ்வளவு கடுமையாயிற்று என்பதே ஆய்வாளர் எழுப்பிய வினா. அப்போது பத்திரிகைகள் இவ்வகை வழிப்பறிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புதுப் பெயரைச் சூட்டியிருந்தன. சட்டத்திலோ அப்பெயரில் தனிக் குற்றம் எதுவும் இல்லை. காவல் துறையும் நீதிமன்றமும் கூறியவற்றைப் பத்திரிகைகள் செய்தியாக்கின. அச்செய்தியையே பொதுமக்களின் அச்சத்திற்குச் சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இவ்வட்டத்தைக் கண்டறியக் குற்றவியல் மட்டும் போதவில்லை. புள்ளியியல், செய்தித்தாள் ஆய்வு, பொருளாதார வரலாறு ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

இம்மையத்தைச் சேர்ந்த பால் வில்லிஸ் 1977-ல் வெளியிட்ட நூல் வளர்ச்சி நிர்வாகத்தினருக்கு இன்னும் நெருக்கமானது. தொழில் நகரப் பள்ளியொன்றில் பன்னிரண்டு சிறுவர்களோடு பழகி, அவர்கள் வேலைக்குச் சேர்ந்த பின்பும் தொடர்ந்து சென்று அவர் எழுதினார். கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்ட காலம் அது. அச்சிறுவர்கள் அறிவற்றவர்களல்லர். சான்றிதழ் தம் போன்றோரில் பெரும்பாலோரை உயர்த்தாது என்று அவர்களே கணக்கிட்டிருந்தனர். ஆசிரியரை எதிர்த்த அந்தத் துணிவே அவர்களைத் தந்தையர் உழைத்த ஆலைத் தளத்திற்கே கொண்டு சேர்த்தது. வயது வரம்பை உயர்த்தும் ஆணையால் மட்டும் இதை மாற்ற இயலவில்லை. எண்ணிக்கைகளோடு பழகிய பொருளியலாருக்குப் பன்னிரண்டு பேரை வைத்து முடிவு கூறுவது உறுத்தும். ஆனால் எத்தனை பேர் என்பதை அளக்க இந்நூல் முற்படவில்லை, எவ்வாறு நிகழ்கிறது என்பதையே காட்டுகிறது.

மூடப்பட்ட துறை

பின்னர் இம்மையம் இளநிலை வகுப்புகளும் நடத்தும் துறையாகி, சமூகவியலோடு இணைந்தது. 2001-ல் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சி மதிப்பீட்டில் அத்துறை எதிர்பார்த்த தரத்தைப் பெறவில்லை. 2002-ல் பல்கலைக்கழகம் துறையை மூடிவிட்டது. மாணவர்களும் பல நாட்டு அறிஞர்களும் எதிர்த்தும் பயனில்லை. பாடவாரியாக அமைந்த மதிப்பீட்டுக் குழுக்களின் முன் பல துறைகளுக்கிடையே நிற்கும் ஆய்வு தன் தகுதியை நிறுவுவது கடினம். எனினும் மதிப்பீடே கூடாதென்று வாதிடுவதும் பொருந்தாது. வரிப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். எந்த அளவுகோலால் என்பதே வினா.

இந்தியாவில் இவ்வினா

நம் நாட்டில் 1969-ல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு நிறுவப்பட்டது. கல்கத்தாவில் 1973-ல் தோன்றிய சமூக அறிவியல் ஆய்வு மையத்தில் வரலாறும் பொருளியலும் இலக்கியமும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. இன்று தேஜ்பூர் பல்கலைக்கழகத்திலும், ஐதராபாத்தின் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் பண்பாட்டு ஆய்வுக்கெனத் தனித் துறைகள் உள்ளன. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது.

ஆனால் இடர்ப்பாடு கொள்கையில் இல்லை, நியமனத்தில் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர் பதவிக்கு உரிய பாடத்திலோ, தொடர்புடைய அல்லது சார்ந்த பாடத்திலோ முதுநிலைப் பட்டம் கோருகின்றன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் நெசவாளர் பாடல்களையும் சேர்த்து ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் பொருளியல் துறைக்கு விண்ணப்பித்தால், அவரது பட்டம் 'சார்ந்த பாடம்' ஆகுமா? விதியில் இடமுண்டு. விண்ணப்பங்களைச் சலிக்கும் குழுவினர் அவ்விடத்தைப் பயன்படுத்துகின்றனரா, தயங்கி விண்ணப்பத்தை ஒதுக்குகின்றனரா என்பதைப் பொறுத்தே அவ்வாய்வாளர் வகுப்பறைக்குள் நுழைவதும், அவர் வழியே அடுத்த ஆய்வு மாணவர் உருவாவதும் அமைகின்றன.